அரசு ஒரு ஆலோசனைக் குழு அமைத்தால் வேலையிடம் மாறிவிடுமா?

கேள்வி இது: “வேலையிடத்தின் தரத்தை உயர்த்த மாநில அரசு தனியாக ஒரு ஆலோசனைக் குழு அமைத்தால் ஏதாவது மாறுமா? இல்லை, இன்னொரு கமிட்டி, இன்னொரு பெயர்ப்பலகை என்று முடிந்துவிடுமா? சிங்கப்பூரில் இப்படி ஒன்று நன்றாக நடக்கிறது என்கிறார்களே, அதை இங்கே கொண்டுவர முடியாதா?”

நான் 22 ஆண்டுகள் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அலுவலராக இருந்தவன். கமிட்டிகளில் உட்கார்ந்து உட்கார்ந்தே பாதி தலைமுடி போய்விட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கதை. நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேஃப்டி கமிட்டி கூடும். பெயின்ட் ஷாப் பக்கம் இருந்த கழிப்பறையில் இரண்டாம் ஷிப்டில் தண்ணீர் வராது என்று ஒரு தொழிலாளர் பிரதிநிதி சொன்னார். மினிட்ஸில் எழுதினோம்: “நடவடிக்கையில் உள்ளது.” அடுத்த கூட்டத்திலும் அதே வரி. அதற்கடுத்ததிலும் அதே. ஒன்றரை ஆண்டு அந்த வரி மினிட்ஸில் குடித்தனம் நடத்தியது. ஒருநாள் அந்த மனிதர் கேட்டார்: “சார், இந்த வரிக்குப் பக்கத்தில் யார் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. நடவடிக்கை எடுக்கிறவர் யார்?” அந்தக் கூட்டத்தில் மராமத்துப் பிரிவு மேலாளரின் பெயரையும் ஒரு தேதியையும் எழுதினோம். பத்தே நாளில் தண்ணீர் வந்துவிட்டது. மோட்டார் டைமரை மாற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஆலோசனைக் குழு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதன் விதியை இந்த ஒரு விஷயம்தான் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. அது சொல்வதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார், எந்தத் தேதிக்குள்? இது இல்லாத குழுவுக்கு எத்தனை பெரிய மனிதர்களைத் தலைவராகப் போட்டாலும் பயனில்லை.

சரி, நம்மிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது? கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள், குழுக்களுக்குப் பஞ்சமே இல்லை. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் ஒரு ஆலோசனை வாரியம். 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் மத்தியில் ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அரசு ஆணையிட்டால், நிர்வாகமும் தொழிலாளர்களும் சேர்ந்து உட்காரும் வொர்க்ஸ் கமிட்டி; அது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் இருந்து வந்தது. போபால் விபத்துக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது, அபாயகரமான வேலை நடக்கும் ஆலைகளில் நிர்வாகமும் தொழிலாளர்களும் சம எண்ணிக்கையில் உட்காரும் பாதுகாப்புக் குழு வந்தது. இப்போது அந்தப் பழைய சட்டங்களுக்குப் பதிலாக, அவற்றைச் சேர்த்துத் தொகுத்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவற்றிலும் தேசிய அளவில் ஒரு பாதுகாப்பு, சுகாதார ஆலோசனை வாரியம், மாநில அளவில் ஒன்று என்று எழுதியிருக்கிறார்கள். ஊதியத் தொகுப்பின் ஆலோசனை வாரியங்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்றுகூட இருக்கிறது. நல்ல விதி.

ஆக, புதிதாகக் குழு அமைக்கச் சட்டம் தேடி அலைய வேண்டியதில்லை. அமைத்த குழுக்கள் ஏன் மூச்சுவிடாமல் கிடக்கின்றன என்று பார்ப்பதுதான் வேலை.

அதற்குக் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும். முதல் உலகப் போர் நேரத்தில் பிரிட்டனில் ஆலைகளில் கொந்தளிப்பு. ஜே.எச். விட்லி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். முதலாளியும் தொழிலாளியும் சம எண்ணிக்கையில் உட்கார்ந்து பேசும் கூட்டுக் கவுன்சில்கள் ஒவ்வொரு தொழிலிலும் வேண்டும் என்று அது சொன்னது. தனியார் தொழில்களில் பல இடங்களில் அது நிலைக்கவில்லை. அரசு ஊழியர்களிடம்தான் நன்றாக வேரூன்றியது. அதே விட்லிதான் 1929இல் இந்தியத் தொழிலாளர் பற்றிய ராயல் கமிஷனுக்குத் தலைவராக இங்கே வந்தார். நம் மத்திய அரசு ஊழியர்களுக்கு 1966 முதல் இருக்கும் ஜே.சி.எம். என்ற கூட்டுக் கலந்தாய்வு ஏற்பாடும் அந்த விட்லி வழியில் வந்ததுதான். வீட்டில் ரயில்வேக்காரர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், ஜே.சி.எம். பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்.

1942இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கரின் தலைமையில் அரசு, முதலாளிகள், தொழிலாளர்கள் என்ற மூன்று தரப்பும் கூடும் மாநாடு நடந்தது. இந்தியத் தொழிலாளர் மாநாடு என்று இன்றைக்கு நாம் சொல்லும் அமைப்பு அங்கிருந்து வளர்ந்தது. அதுவும் ஆலோசனை சொல்லும் அமைப்புதான். ஆணையிடும் அதிகாரம் கிடையாது. ஆனால் 1957இல் நடந்த 15ஆவது மாநாடு என்ன செய்தது தெரியுமா? குறைந்தபட்ச ஊதியத்தை எப்படிக் கணக்கிடுவது என்று ஒரு சூத்திரம் எழுதிக் கொடுத்தது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகு (பிள்ளைகளின் தேவையைக் குறைத்துக் கணக்கிட்ட அளவு), ஓர் அலகுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, ஆளுக்கு ஆண்டுக்கு 18 கெஜம் துணி, வாடகை, எரிபொருள், இதரச் செலவு. அந்தக் கலோரிக் கணக்கு டாக்டர் அய்க்ராய்டுடையது. குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தவர். நீலகிரியில் போட்ட கணக்கு, டெல்லி மாநாட்டில் ஊதியச் சூத்திரம் ஆனது. 1991இல் உச்ச நீதிமன்றம், பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், முதுமை போன்றவற்றுக்காக இன்னும் 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது. 2020இல் மத்திய அரசு வெளியிட்ட ஊதிய வரைவு விதிகளிலும் அதே 2,700 கலோரி இருக்கிறது; நான்கு பேருக்கான 72 கெஜம் மட்டும் 66 மீட்டராகிவிட்டது.

பாருங்கள், அதிகாரமே இல்லாத ஒரு ஆலோசனை மேடை எழுதிய ஒரு பக்கம் அறுபது ஆண்டு தாண்டியும் உயிரோடு இருக்கிறது. “நல்ல ஊதியம் வழங்கப்பட வேண்டும்” என்று எழுதியிருந்தால் அது அன்றைக்கே செத்திருக்கும். கலோரியும் கெஜமும் எழுதியதால் நீதிமன்றத்தில் எடுத்துக் காட்ட முடிந்தது. ஒரு குழு என்ன எழுதுகிறது என்பது, அதில் யார் உட்காருகிறார்கள் என்பதைவிடப் பெரிய விஷயம்.

அப்படிப்பட்ட மாநாட்டின் 46ஆவது கூட்டம் 2015 ஜூலையில் நடந்தது. அப்புறம் கூட்டவே இல்லை. நான்கு தொகுப்புகளும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது இந்த இடைவெளியில்தான். முத்தரப்புக் கலந்தாய்வு பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 144ஆவது உடன்படிக்கையை 1978இலேயே ஏற்றுக்கொண்ட நாடு நாம்.

மாநில அளவில் கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் நிறைவேறியது. ஒருநாள் வேலையை 12 மணி நேரம் வரை நீட்டிக்க வழிவிடும் திருத்தம். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்று நாள் கழித்து, 24ஆம் தேதி, அமைச்சர்கள் தொழிற்சங்கங்களை அழைத்துப் பேசினார்கள். அன்றைக்கே நிறுத்திவைப்பு. மே தினத்தன்று முதல்வர் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அந்த 24ஆம் தேதிக் கூட்டம் ஒரு மாதம் முன்னால் நடந்திருந்தால் இவ்வளவு களேபரம் தேவைப்பட்டிருக்காது. திருத்தத்தை ஆதரித்தவர்களுக்கும் இது பொருந்தும்: ஏன் வேண்டும் என்று விளக்க ஒரு மேடை அவர்களுக்கும் இல்லாமல் போனது.

இனி சிங்கப்பூர். அங்கே இருப்பது வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார மன்றம். அது பிறந்ததே சாவு வீட்டில்தான். 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலையில் எம்.ஆர்.டி. என்ற நகர ரயிலின் சுரங்கப் பாதைக்காகத் தோண்டிய பள்ளம் சரிந்து 4 பேர் இறந்தார்கள். ஒன்பதே நாளில் இன்னொரு கட்டுமானத் தளத்தில் இரும்புக் கம்பிக்கூடு சாய்ந்து 2 பேர். மே 29 அன்று கப்பல் பட்டறையில் ஒரு கப்பலில் தீப்பிடித்து 7 பேர். அந்த ஆண்டில் ஒரு லட்சம் தொழிலாளர்களுக்கு 4.9 பேர் என்ற அளவில் வேலையிட மரணங்கள்.

அங்கே எனக்குப் பிடித்தது, அவர்கள் செய்த வேலைகளின் வரிசை. முதலில் ஓர் எண்ணை வைத்தார்கள்: 2015க்குள் இந்த விகிதம் பாதியாகி 2.5க்கு வர வேண்டும். 2005இல் ஆலோசனைக் குழு அமைத்தார்கள். 2006 மார்ச்சில் புதிய சட்டம் வந்தது. வேலியை இத்தனை அடி உயரத்துக்குப் போடு என்று பட்டியல் போட்ட பழைய தொழிற்சாலைச் சட்டத்தை மாற்றி, ஆபத்தை உண்டாக்குகிறவன் எவனோ அவனே அதைக் குறைக்கும் பொறுப்பாளி என்றது. 2008 ஏப்ரல் 1 அன்று அந்த ஆலோசனைக் குழுவையே முழு மன்றமாக வளர்த்தார்கள். இலக்கையும் இறுக்கினார்கள்: 2018க்குள் 1.8. உண்மையில் 2018இல் வந்தது 1.2.

மன்றத்தில் தொழில்துறைத் தலைவர்கள், தொழிற்சங்கம், அரசு, அத்தோடு காப்பீடு, சட்டம், கல்வித்துறை ஆட்கள். காப்பீட்டுக்காரரை உள்ளே உட்காரவைத்தது கெட்டிக்காரத்தனம் என்பேன். விபத்துக்குக் காசு கொடுப்பவர் அவர்தான். எந்தத் தொழிலில் எந்த மாதிரி அடி அதிகம் என்பது அவருடைய கணக்குப் புத்தகத்தில் இருக்கும்.

மன்றத்தின் கையில் மூன்று உருப்படியான கருவிகள் இருக்கின்றன. ஒன்று, நடைமுறைக் கோவைகளுக்கு, அதாவது ஒரு வேலையைப் பாதுகாப்பாகச் செய்யும் முறையை எழுதிய வழிகாட்டிகளுக்கு, ஒப்புதல் தருவது. விபத்து வழக்கில் “நீ இதைப் பின்பற்றினாயா” என்று கேட்க அது உதவும். நிறுவனத்தின் தலைமை அதிகாரியும் இயக்குநர்களும் பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும் என்பதற்கே 2022இல் தனிக் கோவை வந்தது. இரண்டாவது, பெரிய விபத்து நடந்தால் சில நாட்களிலேயே எச்சரிக்கைக் குறிப்பு வெளியாகும்: என்ன நடந்தது, உங்கள் தளத்தில் இன்றைக்கே எதைச் சரிபார்க்க வேண்டும் என்று. நம் ஊரில் ஒரு பாய்லர் வெடித்தால் பக்கத்து ஊர் பாய்லர்காரருக்குக் காரணம் தெரியவருவது செய்தித்தாளில் வந்தால்தான். அதிலும் “போலீசார் விசாரணை நடத்தி வருகின்றனர்” என்பதோடு செய்தி முடிந்துவிடும். மூன்றாவது, நிறுவனங்கள் பாதுகாப்பில் படிப்படியாகத் தகுதி பெறும் பிஸ்சேஃப் என்ற திட்டம். முதல் படியில் முதலாளியே நேரில் வந்து வகுப்பில் உட்கார வேண்டும். மூன்றாம் படி இல்லாத சின்ன ஒப்பந்தக்காரர்களைப் பெரிய கட்டுமானக்காரர்கள் பல வேலைகளில் சேர்ப்பதில்லை. அதாவது, ஆய்வாளர் போகாத இடத்துக்கும் வேலை தருகிறவர் மூலமாக நெருக்கடி போகிறது.

புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கம் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவர் யாரையாவது கேளுங்கள். சேஃப்டி கோர்ஸ் பற்றியும், காலையில் வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங் பற்றியும் சொல்வார். மன்றத்தின் சுவரொட்டிகள் தமிழிலும் வருகின்றன.

ஆனால் அதைச் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். 2022இல் 46 பேர் இறந்தார்கள். செப்டம்பர் முதல் அடுத்த மே வரை ‘கூடுதல் பாதுகாப்புக் காலம்’ என்று அறிவித்து, பெரிய விபத்து நடந்த நிறுவனம் மூன்று மாதம் வரை புதிய வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுக்கத் தடை போடும் நிலை வந்தது. தொழிலாளர்களை லாரியின் பின்பக்கத்தில் ஏற்றிப் போவது பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. வேலை அனுமதிச்சீட்டு ஒரு முதலாளியோடு கட்டப்பட்டிருக்கும்போது, புதுக்கோட்டைப் பையன் எவ்வளவு தைரியமாகக் கைதூக்கிப் பேசுவான்? மன்றத்தின் பலம் மேலிருந்து கீழே வருவது. கீழிருந்து மேலே போகும் குரல் அங்கே மெலிந்ததுதான்.

அந்தக் குரலுக்கு உதாரணம் வேண்டுமென்றால் பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். ஜவுளிக்கடைகளில் பெண்கள் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்க வேண்டியிருந்தது. கோழிக்கோட்டில் விஜி என்பவரின் தலைமையில் ‘பெண்கூட்டு’ அமைப்பினர் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2018இல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையைத் தந்தது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் அதே வழியில் போய், எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி வேண்டும் என்று தன் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் பிரிவு சேர்த்தது. இதை எந்த ஆலோசனைக் குழுவும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. குழுக்களில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கால் வலி அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இங்கே இருக்கைச் சட்டம் வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. தீபாவளி நேரத்தில் ஒரு பெரிய துணிக்கடைக்குள் போய்ப் பாருங்கள், எத்தனை ஸ்டூல் கண்ணில் படுகிறது என்று. ஒரு குழுவுக்கு உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது.

சரி, தமிழ்நாட்டுக்கு ஒன்று அமைக்கலாமா? அமைக்கலாம். நான் எப்படி அமைப்பேன் என்று சொல்கிறேன்.

உறுப்பினர்கள் 15 பேருக்கு மேல் வேண்டாம். தொழிலாளர் பக்கத்தில் பெரிய சங்கங்களின் தலைவர்களோடு, இப்போதும் லைனில் நிற்கும் ஆட்கள் வேண்டும்: திருப்பூரில் பின்னலாடை தைக்கும் ஒரு பெண், சிவகாசியில் பட்டாசு அறையில் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்தவர், ஒரகடத்தில் கான்ட்ராக்ட் ஆள், உணவு டெலிவரி செய்பவர், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து இங்கே வேலை பார்ப்பவர் ஒருவர். சிவகாசியில் உள்குத்தகை எப்படி நடக்கிறது, ஒரு அறையில் விதியை மீறி ஏன் கூடுதல் ஆட்களை உட்காரவைக்கிறார்கள் என்பது சென்னையில் இருக்கும் யாருக்கும் அவரைவிடத் தெரியாது. கூட்டத்துக்கு வரும் நாளுக்கு அவர்களுக்குச் சம்பளமும் பயணப்படியும் கொடுக்க வேண்டும். பேசியதற்காக வேலையை விட்டு எடுக்கக்கூடாது என்று ஆணையிலேயே எழுத வேண்டும். இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் நாடகம்.

அப்புறம் செயலகம். குழு ஆண்டில் நாலு நாள் கூடும். மீதி 361 நாள் வேலை செய்வது செயலகம்தான். தொழிலாளர் துறையில் ஏற்கெனவே பத்து வேலை பார்க்கும் ஒரு அதிகாரியிடம் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்தால் கோப்பு அங்கேயே தூங்கிவிடும். ஐந்தாறு பேராவது முழுநேரம் வேண்டும். அதில் ஒருவர் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும்.

தகவல் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். நான் பழகிய தொழிற்சாலைகள் சட்டப்படி, 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாத அளவு அடிபட்டால் ஆய்வாளருக்குத் தெரிவித்தாக வேண்டும். நடைமுறையில்? கான்ட்ராக்ட் பையனுக்கு விரல் நசுங்கினால் பக்கத்துத் தனியார் கிளினிக்கில் கட்டுப் போட்டு, கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, வருகைப் பதிவேட்டில் ‘பிரசென்ட்’ போடுவதை நானே பார்த்திருக்கிறேன். “பூஜ்ய விபத்து” என்று வாசலில் பலகை தொங்கிய அதே இடத்தில். தடுக்கப் போன எனக்கு மெமோ வந்தது, அது வேறு கதை. அதனால் ஆலை தரும் எண்ணை மட்டும் குழு நம்பக்கூடாது. இ.எஸ்.ஐ.யில் பதிவாகும் விபத்து அறிக்கைகளையும், அரசு மருத்துவமனைகளுக்கு வரும் வேலையிடக் காயங்களையும், ஆய்வாளருக்கு வந்த தகவலையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றும் ஒத்துப்போகாத இடத்துக்குத்தான் ஆய்வு போக வேண்டும். சிங்கப்பூரும் 2020 செப்டம்பரில், மருத்துவ விடுப்போ இலகு வேலையோ தரும்படி ஆன எந்தக் காயத்தையும் தெரிவிக்க வேண்டும் என்று விதியை இறுக்கியது.

கடைசியாக, முதலில் சொன்ன அந்த மினிட்ஸ் விஷயம். குழு ஒரு பரிந்துரையைக் கொடுத்தால், 90 நாளில் துறை எழுத்தில் பதில் தர வேண்டும்: ஏற்கிறோம், இந்தத் தேதிக்குள் செய்வோம், அல்லது ஏற்கவில்லை, காரணம் இது. இரண்டும் இணையத்தில் வெளியாக வேண்டும். அரசு மறுக்கலாம், அது அரசின் உரிமை. ஆனால் மௌனமாக இருக்கக்கூடாது. அதேபோல், வேலை நேரம், ஊதியம், பாதுகாப்பு பற்றிய எந்த மசோதாவும் சட்டமன்றத்துக்குப் போகும் முன் குழுவின் கருத்து இணைக்கப்பட்டிருக்க வேண்டும். இது ஒன்றும் புதுமையில்லை; ஒரு வேலையில் ஒப்பந்த முறையைத் தடைசெய்ய வேண்டுமென்றால் ஆலோசனை வாரியத்தைக் கலந்த பிறகே செய்ய வேண்டும் என்று 1970ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது.

முதலாளிகள் தரப்பிலிருந்து ஒரு நியாயமான கேள்வி வரும்: இன்னொரு ரிட்டர்ன், இன்னொரு படிவமா? அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. குழு புதிதாக ஒரு படிவமும் கேட்கக்கூடாது என்பேன். ஏற்கெனவே கொடுத்ததைப் படிக்க ஆள் இல்லை.

தொழிற்சங்க நண்பர்கள் வேறு மாதிரி கேட்பார்கள்: ஆலோசனையெல்லாம் எதற்கு, கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அல்லவா வேண்டும்? அதற்கும் இங்கே உதாரணம் இருக்கிறது. 2022இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்தில், ஆடை ஆலையில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கத் தொழிலாளிகளையே கண்காணிப்பாளர்களாகப் போட்டார்கள். ஆலை நிர்வாகம் ஒப்புக்கொண்டபடி நடக்காவிட்டால் துணி வாங்கும் வெளிநாட்டு பிராண்டும் தன் பங்குக்கு நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டது. தலித் பெண்கள் பெரும்பான்மையாக உள்ள ஒரு சங்கம் முன்னின்று சாதித்தது அது. எந்த ஆலோசனைக் குழுவைவிடவும் அது பலமானது, சந்தேகமே இல்லை. ஆனால் பிராண்ட் இல்லாத இடத்தில் என்ன செய்வது? செங்கல் சூளைக்கும் தெருமுனை லேத் பட்டறைக்கும் எந்த பிராண்டும் வரப்போவதில்லை. அங்கே அரசு மட்டும்தான் இருக்கிறது, அரசுக்குச் சொல்ல ஆள் வேண்டும்.

கேட்டவர் இதை ஒரு மனுவாகக் கொடுக்க நினைக்கிறார் என்று தெரிகிறது. மனுவுக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தொழிலாளர் துறைக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். இப்போது இருக்கும் மாநில ஆலோசனை வாரியங்கள் எவை, கடந்த ஐந்து ஆண்டில் எந்தெந்தத் தேதிகளில் கூடின, உறுப்பினர் யார், மினிட்ஸின் நகல், ஒவ்வொரு பரிந்துரைக்கும் எடுத்த நடவடிக்கை என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அந்த மினிட்ஸில் “நடவடிக்கையில் உள்ளது” என்று எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணிவிட்டு, அதை முதல் பக்கமாக வைத்து மனுவை எழுதுங்கள்.